சடுகுடுக் களத்தில் ஏழாம் வாய்ப்பாடு

எங்கள் வீட்டில் வாய்ப்பாடு என்றால் பெரியப்பா மகனுக்கு விழும் உதை என்று அர்த்தம். அண்ணன் அஞ்சாம் வகுப்பில் இரண்டாவது வருஷமாக உட்கார்ந்திருந்தான். முரட்டு மாட்டை அடக்குவான், பனை மரம் ஏறுவான், பெருக்கல் என்றால் மட்டும் அவனுக்கு வயிறு வலிக்கும். "இந்தத் தபாவும் கணக்குல கோட்டை உட்டான்னா ஏர் ஓட்ட வந்துடட்டும்" என்று பெரியப்பா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். பாவம், அவனுக்குப் பள்ளிக்கூடம் என்றால் உயிர். கணக்குதான் ஆகாது. நான் அவனைவிட ஒரு வகுப்பு கீழே. அவன் காதுபட வாய்ப்பாடு ஒப்பித்து வெறுப்பேற்றுவது என் பொழுதுபோக்கு.

சித்தப்பா மீஞ்சூரில் ரயிலேறிக் கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனிக்கு வேலைக்குப் போய் வருவார். ஞாயிறு லீவு. அறுப்பு முடிந்து காலியாகக் கிடந்த நெற்களத்தில் எங்களைச் சேர்த்துக்கொண்டு சடுகுடு ஆடுவார். ஒரு ஞாயிறு திடீரென்று புதுச் சட்டம் போட்டார்.

"சடுகுடுன்னு கத்திக்கினு போனா இன்னா பிரயோசனம்? இனிமே வாய்ப்பாடு பாடிக்கினு போங்க. மூச்சு உட்டா அவுட்டு. தப்பா சொன்னாலும் அவுட்டு. ஆனா தப்ப எதிர்க்கட்சிதான் கண்டுபுடிக்கணும். உட்டுட்டா அது செல்லும்."

எனக்குக் கொண்டாட்டம். தெரியாத இடத்தில் வாய்க்கு வந்ததைச் சத்தமாக அடித்துவிடுவேன். "ஆறாறு நாற்பது" என்று சொல்லி இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஆட்டம் முடிந்தபிறகு சித்தப்பாதான் அண்ணன் காதில் போட்டுவிட்டார். ஒரு பொட்டப் புள்ள தன்னை ஏமாற்றிவிட்டாளே என்று அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த வாரம் முழுக்க எருமையைக் குளிப்பாட்டும்போதும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். அவனுக்குப் பேய் பிடித்திருப்பதாக நான் அம்மாவிடம் சொன்னேன். அடுத்த ஞாயிறு, நான் தப்பாகச் சொல்லி வாய் மூடுவதற்குள் "அவுட்டு" என்றான். அப்புறம் வேறு வழியில்லாமல் நானும் ஒழுங்காக மனப்பாடம் செய்ய வேண்டியதாயிற்று.

பரீட்சைக்கு முந்தின ஞாயிறு பெரியப்பாவே வேடிக்கை பார்க்க வந்து வரப்பில் உட்கார்ந்துவிட்டார். கடைசி ஆட்டம். என் கட்சியில் நான் மட்டும் மிச்சம், எதிரே அண்ணன் மட்டும். அன்றைக்கு ஏழாம் வாய்ப்பாடு.

"ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு" என்று பாடிக்கொண்டே போய் அவன் தோளைத் தொட்டேன். திரும்புவதற்குள் பாய்ந்து காலைப் பிடித்துவிட்டான். இரண்டு பேரும் மண்ணில் விழுந்தோம். கோடு எட்டிவிடும் தூரத்தில்தான் இருந்தது. இழுத்துக்கொண்டே "ஏழேழு நாப்பத்தொம்பது" வரைக்கும் வந்துவிட்டேன். அதற்கப்புறம் மண்டைக்குள் ஒன்றுமே இல்லை. மூச்சை விடாமல் "எட்டேழு, எட்டேழு, எட்டேழு" என்று அதையே பாடிக்கொண்டு கிடந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது.

அண்ணன் பேசாமல் பிடித்துக்கொண்டு கிடந்திருந்தால் ஜெயித்திருப்பான். அவனால் பொறுக்க முடியவில்லை.

"அம்பத்தாறுடி, மண்டு" என்றான்.

சொன்ன வேகத்தில் பிடி தளர்ந்தது. "அம்பத்தாறு" என்று எம்பிக் கோட்டைத் தொட்டேன். ஜெயித்துவிட்டேன். சித்தப்பா தூக்கிக்கொள்ளட்டும் என்று இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு நின்றேன்.

சித்தப்பா ஓடிவந்தார். என்னைத் தாண்டிப் போனார். மண்ணில் கிடந்த அண்ணனை அள்ளித் தோளில் உட்கார வைத்துக்கொண்டு ஆட ஆரம்பித்தார். பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்து வந்து, "இன்னொரு தபா சொல்லு, நைனா" என்று அவனைக் கேட்டார். அவன் தோள்மேல் இருந்தபடியே சொன்னான். பெரியப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பாடியது நான், கோட்டைத் தொட்டது நான். விடையை எதிரிக்கு எடுத்துக் கொடுத்துத் தோற்ற முட்டாளுக்கு எதற்கு ஊர்வலம் என்று கேட்டு அழுதுகொண்டே களம் முழுக்க அவர்கள் பின்னால் ஓடினேன்.