ரிஜிஸ்டரில் ஒன்று

எண்பதுகளில் ஒலக்கூர்ப் பக்கம் நான்கு ஊர்களுக்கு நான் ஒருத்திதான் நர்ஸ். பிரசவம் பார்ப்பதைவிட எழுதுவதுதான் பெரிய வேலை. எத்தனை பிறந்தது, அதில் இரட்டை எத்தனை, ஒரு வயது முடிவதற்குள் செத்தது எத்தனை என்று மாதாமாதம் ரிப்போர்ட் போக வேண்டும். சாவுக் கட்டத்தில் எண் ஏறினால் டாக்டரம்மா எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்பார். நான் இரண்டாவது மெமோ வாங்கிய அன்று, மூத்த நர்ஸ் ஒருத்தி எனக்கு வழி சொன்னாள்.

"ஒரு வாரத்துக்குள்ள போயிடுச்சின்னா பொறந்ததையே எழுதாதடி. பொறக்காதது எப்படி சாவும்?"

படிப்பில் நான் எப்போதும் கெட்டிக்காரி. உடனே பிடித்துக்கொண்டேன்.

மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையைப் பிடுங்கும் சமயம் அது. ஊரைவிட்டுத் தள்ளி, கொல்லைமேட்டில் தனியாக ஒரு வீடு. அந்த வீட்டு மருமகளுக்கு முதல் பிரசவம். ஏழாம் மாதம் வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டு, "ரெட்டைம்மா" என்று நான்தான் சொல்லியிருந்தேன். அன்றைக்கே பழைய புடவையைக் கிழித்து இரண்டு தூளி கட்டிவிட்டாளாம்.

நடுப்பகலில் பிறந்தன, இரண்டும் பெண். முதலாவது வீடே அதிரக் கத்தியது. இரண்டாவது கைப்பிடி அளவு, மெல்லிசாக அழுதது. அதை நான் துடைத்துக்கொண்டிருக்கும்போதே தாய்க்கு வலிப்பு வந்து நினைவு போய்விட்டது. திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவள் புருஷன் ஓடிப்போய் ஒரு வேனைப் பிடித்து வந்தான். தாயையும் பெரியதையும் ஏற்றினேன். சின்னது அவளுடைய நாத்தனார் கையில் இருந்தது.

"இத இன்னா பண்றதுங்க?" என்றாள்.

"இது தாங்காது. நீயே வச்சிக்கினு இரு."

வேனில் இடம் இருந்தது. திண்டிவனத்தில் பிள்ளையைச் சூட்டில் வைத்துக் காப்பாற்றிப் பார்ப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அங்கே போனால் அவர்கள் புத்தகத்தில் ஏறிவிடும். செத்தால் என் ஏரியா சாவு. வீட்டில் செத்தால் யாருக்கும் தெரியாது. இவ்வளவையும் யோசிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

நான் நினைத்ததைவிட அது கெட்டி. நாத்தனார் பஞ்சில் பாலை நனைத்து வைக்க, மூன்று நாள் சப்பிக்கொண்டு கிடந்தது. மூன்று நாளில் ஒருமுறைகூட நான் போய் எட்டிப் பார்க்கவில்லை. செத்ததும் கொல்லையிலேயே புதைத்துவிட்டார்கள்.

தாய்க்கு நினைவு திரும்பியபோது பெரியது மட்டும் பக்கத்தில் கிடந்தது. ஒன்றுதான் பிறந்தது என்று வீட்டார் சொல்லிவிட்டார்கள். "ரெண்டுன்னு தெரிஞ்சி இவ அழுதான்னா, செத்தது இருக்கிறதையும் கூட்டிக்கினு போயிடுமுங்க," என்றாள் நாத்தனார். எனக்கும் அது வசதியாக இருந்தது. ரிஜிஸ்டரில் ஏற்கெனவே ஒன்று என்று எழுதியிருந்தேன்.

மூன்றாம் மாதம் பிள்ளைக்கு ஊசி போட வந்தாள். நாத்தனாரும் கூட வந்திருந்தாள்.

"நர்சம்மா, ரெண்டாவது அழுதத நான் கேட்டேங்க. மெல்லிசா அழுதுச்சி. எனக்கு எத்தினி பொறந்துச்சி?"

"வலிப்பு வந்தா அப்படித்தான் எதுனா கேக்கும்."

"ஏழாம் மாசம் ரெட்டைன்னீங்களே?"

"நான்தாம்மா தப்பாச் சொல்லிட்டேன்."

அவள் நகரவில்லை. ரிஜிஸ்டரை எடுத்துப் பிரித்தேன். எழுத்து தெரியாது அவளுக்கு, எண் தெரியும். அவள் விரலைப் பிடித்து அந்த ஒன்றின்மேல் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கவர்மெண்ட்டு நோட்டே சொல்லுதுங்களே," என்றாள். வீட்டுக்குப் போய் இரண்டாவது தூளியை அவிழ்த்துவிட்டாளாம். பைத்தியம் தெளிந்துவிட்டது என்று நாத்தனாருக்கு நிம்மதி.

அடுத்த வருஷம் விழுப்புரத்தில் எங்களுக்குப் பயிற்சி. மேலே இருந்து வந்த அதிகாரி ஒருவர் படம் போட்டுக் காட்டினார். நம் பக்கத்தில் சிசு மரணம் குறைகிறதாம், இரட்டைப் பிறப்பும் குறைகிறதாம். ஏன் இரட்டை குறைகிறது என்பதை ஆராய வேண்டும் என்றார். எங்களைப் போன்றவர்கள் எழுதிக் கொடுப்பதுதான் டெல்லி வரை போகிறது என்று பாராட்டவும் செய்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், வெட்கங்கெட்டவள்.

இரண்டு வருஷம் கழித்து அவளுக்கு மறுபடி பிரசவம். அதே வீடு, அதே நாத்தனார். வயிற்றில் ஒன்றுதான்; குழாயை மாற்றி மாற்றி வைத்து நாலு தடவை கேட்டிருந்தேன். ஆண் பிள்ளை, நல்ல எடை. நஞ்சுக்கொடியும் முழுசாக வந்துவிட்டது. பிள்ளையை அவள் பக்கத்தில் கிடத்தினேன். அவள் பிள்ளையைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள்.

"ஒண்ணுதாம்மா," என்றேன். இந்தத் தடவை அது உண்மை.

"போன வாட்டியும் இதையேதான் சொன்னீங்க."

குரலில் கோபமே இல்லை. முழங்கையை ஊன்றி எழுந்து, பாயின் அந்தப் பக்கத்தைத் தடவினாள். ரத்தத் துணியைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு என்னிடம் இரண்டு கையையும் நீட்டினாள்.

"இந்த வாட்டி நான் முழிச்சிக்கினுதாங்க இருக்கேன். இன்னொண்ணக் குடுங்க."