பொறுப்பக்காவின் லீவு மனு

எங்கள் அலுவலகத்துக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் தொழில். புகார் வந்தால் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நகரும். ஒருவர் நேரில் போய்ப் பார்ப்பார், ஒருவர் உதிரிபாகத்துக்கு ஒப்புதல் தருவார், ஒருவர் பில் போடுவார். எந்தக் கட்டத்துக்கு எந்த ஆள் என்று பெயர் போடுவது பொறுப்பக்கா. நாங்கள் வைத்த பட்டப்பெயர் அது. யாராவது லீவு எடுத்தால், "பாவம், நிம்மதியா போய்ட்டு வரட்டும்" என்று அந்தக் கட்டத்தில் தன் பெயரைப் போட்டுக்கொள்வார். ஆள் திரும்பி வந்தாலும் எடுக்க மனம் வராது. இப்படியே எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு திண்டாடுவார். பக்கத்து நாற்காலியில் இருந்து பார்க்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்காவுக்கு உலகமே தங்கைதான். தாயில்லாத பெண்ணைத் தூக்கி வளர்த்தவர். அவளுக்கு இது தலைப்பிரசவம். வெளியூரில் இருந்து போன் போட்டு, "நீ பக்கத்துல இல்லேன்னா எனக்கு பயமா இருக்குக்கா" என்று ஒரே அழுகை. அக்கா லீவு மனுவைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். பதிலே வரவில்லை. அன்று காலையில் வலி எடுத்துவிட்டதாகப் போன் வந்தது. அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நான் கொதித்துப்போய் மேனேஜர் அறைக்குள் நுழைந்தேன்.

"உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா சார்?"

அவர் திருதிருவென்று விழித்தார். "என்கிட்ட எந்த மனுவும் வரலையேம்மா!"

தேடிப் பார்த்தால், அடக் கடவுளே! முன்பு மேனேஜர் வெளியூர் போனபோது லீவு ஒப்புதல் கட்டத்திலும் அக்கா தன் பெயரையே போட்டிருக்கிறார். அப்புறம் மாற்றவே இல்லை. மனு அவரிடமிருந்து கிளம்பி அவரிடமே வந்து, குவிந்து கிடந்த மற்ற வேலைகளுக்கு அடியில் படுத்துக் கிடந்தது. கண்ணில் பட்டிருந்தாலும் பிரயோஜனம் இல்லை. தன் லீவுக்குத் தானே ஒப்புதல் தர சிஸ்டம் விடாது.

மேனேஜருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அந்த இடத்துல என் பேரைப் போட்டு மறுபடி அனுப்புங்க, இப்பவே ஓகே பண்றேன். ஆனா மத்த கட்டமெல்லாம்? அதுக்கும் ஆள் போட்டுட்டுப் போங்க."

மவுஸைப் பிடித்த அக்காவின் கை அப்படியே நின்றது. "யாரை நம்பிடி விட்டுட்டுப் போறது? ஏதாவது தப்பாயிட்டா?"

"ஆகட்டும்! திருத்திக்கறோம். நாங்கல்லாம் மனுஷங்களா தெரியலையா உங்களுக்கு? அங்க அவ ஒத்தையா துடிச்சுக்கிட்டு இருக்கா, நீங்க இங்க பில்லைக் கட்டிக்கிட்டு அழறீங்க!"

கத்திவிட்டேன். எனக்கே அழுகை வந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகத் தன் பெயரை எடுத்தார். பில்லுக்கு நான். உதிரிபாகத்துக்கு, எப்போதும் அவரிடம் திட்டு வாங்கும் மெக்கானிக்.

"நானா?" என்று அவன் எழுந்தே நின்றுவிட்டான்.

"நீதான். நிதானமா பாத்துப் பண்ணுப்பா."

மேனேஜர் ஒப்புதலை அழுத்தினார். மெக்கானிக்கே வண்டியில் கொண்டுபோய் அக்காவை பஸ் ஏற்றிவிட்டான்.

சாயங்காலம் போன் அடித்தது. உதிரிபாகம் போய்ச் சேர்ந்தது, பில் போட்டாயிற்று என்று சொல்லத் தயாராக எடுத்தேன்.

"பொண்ணுடி! நேரத்துக்கு வந்து சேர்ந்துட்டேன். கடைசி வரைக்கும் அவ கையை விடவே இல்ல. மூக்கு அப்படியே அவளோடது, தலை நிறைய முடி. என்னா கத்து கத்துறா தெரியுமா! இரு, கூப்பிடறா, வச்சிடறேன்."

வைத்துவிட்டார். ஆபீஸைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு.