அடுத்த வீட்டு ஏழு மணிச் செய்தி

கேபிள் வந்த வருடத்தில்தான் அடுத்த வீட்டு மாமா எங்கள் அப்பாவை எடுத்துக்கொண்டார். இப்படிச் சொன்னால் அம்மாவுக்குச் சிரிப்பு வரும். "ஆளையா தூக்கிட்டுப் போனாரு? டிவி பாக்கத்தானே போறாரு" என்பாள். அவளுக்கு அது வெறும் டிவி.

அதற்கு முன்னால் எங்கள் வரிசையில் எல்லா ஓட்டுக் கூரையின் மேலும் ஆன்டெனா நின்றது. கொச்சி மட்டாஞ்சேரியின் உப்புக் காற்றில் அதன் குழாய்கள் சீக்கிரம் வெளுத்துவிடும். காகங்கள் வந்து வந்து உட்கார்வதில் ஆன்டெனா ஒரு பக்கம் சாய்ந்தும்விடும். அப்பா கார்ப்பரேஷனில் துப்புரவுத் தொழிலாளி. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுத் தூங்கி எழுந்ததும் ஏணியை எடுத்துச் சுவரில் சாத்துவார். மேலே அவர் கம்பத்தைத் திருப்ப, நான் ஜன்னலோரம் நின்று படத்தைப் பார்த்துக் கத்த வேண்டும்.

"ஆயிருச்சா?"

"இன்னும் கொஞ்சம் கலூர்ப் பக்கம், அப்பா."

"இப்போ?"

"போயிருச்சு. பழைய எடத்துக்கே திருப்புங்க."

அக்கா கத்தினால் அவருக்கு நம்பிக்கை வராது. எங்கள் வீட்டிலிருந்து முதலில் பள்ளிக்கூடம் போய் நிலைத்தவன் நான். ஆகவே படம் தெளிவாக இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தையும் எனக்கே கொடுத்திருந்தார். கீழே இறங்கி வந்ததும், கையில் ஒட்டிய துருவை லுங்கியில் துடைத்துக்கொண்டு, திரையைப் பார்க்காமல் என் முகத்தைத்தான் பார்ப்பார். நான் தலையாட்டினால் போதும், உட்கார்ந்துவிடுவார்.

அடுத்த வீட்டு மாமா பஜாரில் மிளகு மூட்டை தூக்குகிறவர். சொந்தமெல்லாம் இல்லை. எங்கள் வரிசையில் தமிழ் பேசுகிறவர்கள் ஒருவருக்கொருவர் அண்ணன், மாமா, அத்தை என்று ஆகிவிட்டவர்கள், அவ்வளவுதான். தெருக் கம்பத்திலிருந்து கறுப்பு வயர் முதலில் அவர் வீட்டு ஜன்னலுக்குள்தான் போனது. எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கும். "படிக்கிற பையன் இருக்கிற வீடு" என்று அம்மா தடுத்துவிட்டாள். பத்தாம் வகுப்பு முடியட்டும் என்றாள். முடிந்ததும் பிரீ டிகிரி என்றாள், பிறகு டிகிரி என்றாள். எங்கள் டிவி துணி போட்டு மூடப்பட்டது. அதன் மேல் என் புத்தகங்கள் ஏறின. என் படிப்புக்குத் தொந்தரவு கூடாது என்று அப்பா சாயங்காலங்களில் அடுத்த வீட்டுக்குப் போக ஆரம்பித்தார்.

அதாவது, அவரை அனுப்பியது என் படிப்புதான். இது தெரிந்தும் எனக்கு மாமாவின் மேல்தான் ஆத்திரம்.

இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். நான் இந்தப் பக்கம் பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டிருப்பேன், அந்தப் பக்கம் அப்பா சிரிப்பார். எங்கள் வீட்டில் அவர் அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. சுவரில் காதை வைத்தால் பேச்சும் கேட்கும், வைப்பேன். மாமா ஒவ்வொன்றுக்கும் "அண்ணே, அது எந்த எடம்?" என்று கேட்பார். அப்பா சொல்லுவார். பிறகு டம்ளர் வைக்கிற சத்தம். அந்த வீட்டில் அப்பாவுக்கென்று ஒரு சாயா டம்ளர் இருப்பதாக அம்மா ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாள். அதை வேறு யாருக்கும் கொடுப்பதில்லையாம். எங்கள் வீட்டில் யாருக்கும் தனி டம்ளர் கிடையாது. அன்றைக்கு முழுக்க அந்த டம்ளரின் நினைப்புதான் எனக்கு.

வில்லிங்டன் தீவில் ஒரு கப்பல் சரக்கு ஆபீசில் வேலை கிடைத்ததும் நான் முதலில் நினைத்தது டிவியைத்தான். சும்மா கேபிள் எடுத்தால் மாமாவுக்குச் சமமாகத்தான் ஆவேன். எனக்கு அது போதவில்லை. எச்.டி. பெட்டிகள் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சுவரில் மாட்டுகிற தட்டையான டிவியும், கூரையில் கிண்ணம் போல ஒரு டிஷ்ஷுமாக வாங்கினேன். மாட்ட வந்த பையன் அதை வானத்தைப் பார்த்து மல்லாத்தி வைத்தான். அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டு, "நான் திருப்பணுமா?" என்று கேட்டார். வேண்டாம், பெட்டியே சிக்னல் எவ்வளவு என்று காட்டும் என்று அவன் சொன்னான். அப்பா கையை எடுத்துவிட்டார்.

படம் வந்தது. கிரிக்கெட் மைதானத்தில் புல் தனித்தனியாகத் தெரிந்தது. பாடுகிறவளின் நெற்றியில் வேர்வை தெரிந்தது. வரிசையில் பாதிப் பேர் எங்கள் வாசலில் நின்றார்கள். மாமாவும் வந்தார். நான் படத்தைப் பார்க்கவில்லை, மாமாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எரிச்சலோ ஏக்கமோ, ஏதாவது கொஞ்சம் தெரிய வேண்டும் என்று காத்திருந்தேன். அவர் திரையின் ஓரத்தை விரலால் மெல்லத் தொட்டுவிட்டு, "சூப்பர்டா தம்பி. அண்ணன் பாக்கியவான்" என்றார். மனதாரத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்பாவுக்கென்று வாங்கிய நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். நிறைய நேரம் உட்கார்ந்திருந்தார். ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ரிமோட்டை என்னிடம் நீட்டினார்.

"மோனே, நம்ம லோக்கல் வை."

அவர் கேட்டது உள்ளூர் கேபிள்காரர்கள் நடத்துகிற சேனலை. தோப்பும்படிப் பாலத்தில் வண்டி நிற்பது, பள்ளுருத்தியில் குடிதண்ணீர் வராதது, இன்றைக்கு யார் இறந்தார்கள், அடக்கம் எப்போது, இதெல்லாம் அதன் ஏழு மணிச் செய்தியில்தான் வரும். சுவருக்கு அந்தப் பக்கம் இத்தனை வருடமாக ஓடியதும் அதுதான். சினிமா பார்க்கப் போகிறார் என்று நான் நினைத்திருந்தேன். அவர் போனது தான் கூட்டிப் பெருக்கிய தெருக்களைப் பார்க்க.

மலையாளம், தமிழ், இந்தி என்று ஒவ்வொரு எண்ணாக அழுத்திக்கொண்டே போனேன். உலகமே வந்தது, மட்டாஞ்சேரி வரவில்லை. டிஷ் மாட்டிய பையனுக்குப் போன் செய்தேன். அது கேபிள் வயரில் மட்டும் ஓடுகிற சேனல், சாட்டிலைட்டில் எப்படி வரும் சேட்டா என்று அவன் என்னையே திருப்பிக் கேட்டான். படித்தவன் வாங்குவதற்கு முன்னால் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்கலாம்.

மாமா கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குக் கேட்கக் கூடாது என்பது போல மெதுவாக, "அண்ணே, நேரமாச்சு" என்றார். அப்பா எழுந்தார். போகிற போக்கில் டிவியின் மேல் கையை வைத்து, "நல்லாருக்கு மோனே" என்றார். நான் கிரிக்கெட்டையே திரும்ப வைத்து, அந்தப் புல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த மழைக்காலத்தில் கால்வாய் அடைத்துக்கொண்டு பஜார் முழுக்கத் தண்ணீர் நின்றது. அடைப்பு எடுக்க இறங்கியவர்களில் அப்பாவும் ஒருவர். கேமரா வந்ததாக வீட்டில் சொன்னார், அம்மாவிடம். ஏழு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மாமா வீட்டு அத்தை கூப்பிட்டாள். "தம்பி, ஓடி வா. அப்பா டிவியில வர்றாரு."

நான் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்த வீடு அது. வாசலிலேயே நின்றேன். பழைய குண்டு டிவி. பச்சையும் சிவப்பும் ஒன்றோடொன்று கலங்கி ஓடின. இடுப்பளவுக் கறுப்புத் தண்ணீரில் நின்று ஒரு ஆள் சாக்கு ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தார். முகம் வெறும் திட்டாகத்தான் தெரிந்தது. தோளைச் சாய்த்து இழுத்த விதத்தில் அப்பா என்று தெரிந்தது. எங்கள் வீட்டுத் திரையாக இருந்தால் அந்த நெற்றியின் வேர்வைகூடத் தெரிந்திருக்கும்.

"நம்ம அண்ணன்" என்றார் மாமா, அறையில் இருந்த எல்லாரிடமும், ஏதோ தான் பெற்று வளர்த்த பிள்ளையைச் சொல்வது போல. அப்பாவின் கையில் அந்த டம்ளர் இருந்தது. சாதாரண எவர்சில்வர் டம்ளர், விளிம்பில் ஒரு நசுங்கல்.

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். கட்டிலில் நகர்ந்து இடம் விட்டார். இடம் போதாததால் மாமா எழுந்துகொண்டார்.

"இங்க வா மோனே. இங்க இருந்தா நல்லா தெரியும்."

மாமாவின் சூடு ஆறாத இடத்தில் உட்கார்ந்தேன். அப்பா திரையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார், ஏணியிலிருந்து இறங்கி வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்த மாதிரியே.

"தெரியுதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து மாமா சொல்லிவிட்டார்: "கண்ணாடி மாதிரித் தெரியுது அண்ணே."