வயிற்றில் ஒன்பது கட்டம்

போன வாரம் குற்றாலம் பெரிய அருவியில் ஒருவருடைய வயிறு ஊதா நிறமாயிற்று. காரணம் – நான்தான்.

மருத்துவக் கல்லூரி முதல் வருஷ அனாடமியில் நான் ஃபெயில். கவிழ்த்துவிட்டது வயிறு! ஒரு சாண் வயிற்றை ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வாயில் நுழையாத பெயர் வைத்திருக்கிறார்கள். புத்தகத்தில் படித்தால் ஏறவில்லை. நிஜ வயிறு வேண்டும்... யார் தருவார்கள்?

தென்காசியில் எங்கள் வீட்டிலேயே ஒரு வயிறு கிடைத்தது. பெரியப்பா மகன் சங்கரன் அண்ணன். புளியங்குடி எலுமிச்சை மண்டியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை படுக்க ஒரு சாக்குக் கிடைத்தால் போதும் அவருக்கு. காப்பியிங் பென்சிலால் நெடுக்கே இரண்டு, குறுக்கே இரண்டு கோடு போட்டேன். கட்டம் கட்டமாகத் தட்டி, பெயரையும் உள்ளே இருக்கும் உறுப்பையும் பத்துத் தடவை உரக்கச் சொன்னேன்.

அப்போது ஆள் வந்தது – அண்ணனுக்குப் பார்த்திருக்கும் செங்கோட்டைப் பெண்ணின் அப்பா அருவிக்கு வந்திருக்கிறாராம், மாப்பிள்ளையையும் குளிக்கக் கூப்பிடுகிறாராம்.

எங்கள் பக்கத்தில் இது ஒரு தந்திரம். ஜாதகம் மறைப்பதை அருவி காட்டிவிடும் – தேமல், படை, எல்லாம்! ஏற்கெனவே இரண்டு இடத்தில் அண்ணனை வேண்டாம் என்றாயிற்று. இதுவும் போனால்?

கோடு மங்கலாகத்தானே இருக்கிறது என்று கிளம்பிவிட்டோம். ஈரம் பட்டால் காப்பியிங் பென்சில் கோடு ஊதா மையாகிவிடும் என்பது மூளையில் உறைக்கவே இல்லை.

அருவியிலிருந்து அண்ணன் வெளியே வந்தார். வயிற்றில் பளிச்சென்று ஊதாக் கட்டங்கள். பெண்ணின் அப்பா இரண்டடி பின்வாங்கினார். என்ன சீக்கு, யார் மந்திரித்தது என்று கேட்டார்.

நான் குறுக்கே பாய்ந்து, என் படிப்புக்காகப் போட்ட கோடு என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. தன் வலது விலாவுக்குக் கீழே விரலை வைத்தார்.

"அப்பம் சொல்லு தம்பி. இங்கன எனக்கு ஒரு வருசமா வலிக்கி. இது எந்தக் கட்டம்?"

நான் அண்ணன் வயிற்றைப் பார்த்து முதலிலிருந்து கட்டங்களை எண்ண ஆரம்பித்தேன்.

"ரைட் ஹைப்போகாண்ட்ரியம், மாமா," என்றார் அண்ணன், தலையைத் துவட்டிக்கொண்டே. "உள்ள ஈரல் கெடக்கு. டாக்டர்ட்ட காட்டிருங்க."

அவர் விடவில்லை. தொப்புள், இடுப்பு, அடிவயிறு என்று ஒவ்வோர் இடமாகத் தொட்டார். அண்ணன் ஒன்பதையும் ஒப்பித்தார். மாமனார் என் பக்கம் திரும்பினார்.

"காலேஜுல படிக்கது நீயா, இவரா?"

ஆகவே வாசகர்களே... படித்தவன் மறுபடி பரீட்சைக்குப் போகிறான். படுத்தவன் ஆவணியில் மணவறைக்குப் போகிறான்!