பூனைகளுக்குப் பிடித்த கெப்

1. ஓம் என்று சொன்ன நாள்

என் கூடப்பிறந்த றமீஸ் நானா மௌத்தாகி, அவரை அடக்கி ஒன்றரை மாதம் இருக்கும். என் கையில் இருந்த அவருடைய போனுக்கு கரைத்தீவிலிருந்து ஒரு பெண் கோல் எடுத்தார். சிலாபம் பக்கம், பின்னால் சாமான் ஏற்றத் தட்டு வைத்த பழைய கெப் ஒன்று பார்த்திருக்கிறார்களாம், இருபத்திரண்டு லட்சமாம், வந்து பார்த்துச் சொல்ல ஏலுமா என்று கேட்டார்.

"வண்டி பாக்கிற றமீஸ் தானே?"

"ஓம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. அந்த ஒன்றரை மாதத்தில் எத்தனையோ பேருக்கு அவர் மௌத்தான செய்தியைச் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கத்தில் இன்னாலில்லாஹி சொல்லிவிட்டு, என்ன நடந்தது, என்ன வயது என்று கேட்பார்கள். நெஞ்சு வலி, முப்பத்திரண்டு என்று நான் சொல்ல வேண்டும். அன்றைக்கு அதற்கு வாய் வரவில்லை. ஓம் என்பது சின்னச் சொல், லேசாக வந்துவிட்டது.

நானா மெக்கானிக் இல்லை. பழைய வண்டி வாங்குகிற ஆட்களோடு போய், வண்டியைப் பார்த்து, எடு அல்லது விடு என்று சொல்வதுதான் அவர் தொழில். எத்தாளையில் எங்கள் வீட்டு வாசலுக்கே ஆட்கள் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் ஆறு வருஷம் அவரோடு சுற்றினேன். தொழில் பழகப் போனேன் என்று சொன்னால் பொய். வண்டி விற்கிறவர்கள் நல்ல சாப்பாடு தருவார்கள், அதற்குப் போனேன். மாதம்பையில் பார்த்த வேனில் என்ன பழுது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அங்கே தந்த கோழிக்கறி ஞாபகம் இருக்கிறது.

பஸ்ஸில் போகும்போது நானா செய்கிறதையெல்லாம் ஞாபகப்படுத்திப் பார்த்தேன். முதலில் பொனட்டைத் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருந்தால் விற்கிறவன் முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறான், குளிரில் ஸ்டார்ட் எடுக்காத எஞ்சின் என்று அர்த்தம். பிறகு ஒயில் மூடியைத் திறந்து புகை வருகிறதா என்று பார்ப்பார். ரயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் முகத்தைச் சுளிப்பார். அதற்குப் பிறகு வண்டிக்குக் கீழே போவார். கீழே போய் என்ன செய்வார் என்று தெரியாது. அவர் கீழே போகிற நேரம்தான் எனக்குத் தேத்தண்ணி வரும்.

2. சூடான பொனட்

புத்தளம் பஸ் ஸ்டாண்டில் அவர்களைச் சந்தித்தேன். போனில் பேசிய சபியா ராத்தாவும் அவருடைய புருஷன் ஜப்பார் காக்காவும். ராத்தாவுக்குக் கருவாட்டு வியாபாரம். தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டிய நேரம் மன்னாரிலிருந்து உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தபோது ராத்தாவுக்கு ஒன்பது வயது. பன்னிரண்டு வருஷம் கட்டிய சீட்டுக் காசும் கடைசி இரண்டு காப்பு விற்ற காசும் அபாயாவுக்கு உள்ளே வயிற்றோடு கட்டிய துணிப் பையில் இருந்தன. இதுவரை லொறிக்காரர்கள் வீட்டுக்கு வந்து அவர்கள் சொன்ன விலைக்குக் கருவாட்டை அள்ளிக்கொண்டு போனார்கள். இனித் தானே அநுராதபுரம் சந்தைக்குக் கொண்டு போக வேண்டும் என்பது ராத்தாவின் கணக்கு. வண்டி பழுதாகிப் போனால் இரண்டாவது வண்டிக்குக் காசு இல்லை.

ஜப்பார் காக்கா இருபது வருஷம் மற்றவர்களின் வண்டி ஓட்டியவர். முன் கண்ணாடியில் எழுத வேண்டிய பெயரைக்கூட யோசித்து வைத்திருந்தார்.

"நீயா றமீஸ்?" என்று ராத்தா என்னை மேலும் கீழும் பார்த்தார். "மீசையும் ஒழுங்கா வரேல்ல."

நான் பஸ் வருகிறதா என்று வேறு பக்கம் பார்த்தேன்.

சிலாபத்தில் வண்டி விற்கிற முதலாளி எங்களைக் கதிரை போட்டு இருத்தினார். அவருக்குத் தமிழும் வரும், சிங்களமும் வரும், எந்த மொழியிலும் அவர் வாய் ஓயாது. நீல நிற சிங்கிள் கெப். கழுவி, சீட்டுக்குப் புது உறை போட்டு, ரயருக்குக் கறுப்பு பூசி வைத்திருந்தார். மலைநாட்டு வண்டி, வெலிமடையில் மரக்கறி ஏற்றியது, கடற்காற்றே படவில்லை என்றார். இதுவரை வைத்திருந்தவர்களின் பெயர் எழுதிய வண்டிப் புத்தகத்தையும் காட்டினார். முதல் பெயர் வெலிமடைக்காரர்தான். அதற்குக் கீழே இன்னும் நாலு பெயர் இருந்தது. எனக்கு வாசிப்பு மெதுவாகத்தான் வரும், அதனால் முதல் பெயரோடு நிறுத்திக்கொண்டேன்.

ஜப்பார் காக்கா ஏறி ஹோனை அழுத்தினார். அது மூன்று குரலில் பாடியது. அந்த முற்றத்தில் இருந்த வரைக்கும் அவர் இறங்கவே இல்லை.

நான் பொனட்டில் கை வைத்தேன். சுட்டது. ஏன் சூடு என்று கேட்டேன். காலையில் பாண் வாங்கப் போனதாக முதலாளி சொன்னார். பாண் சுடுகிற பேக்கரி எதிரில்தான் இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவர் என் முகத்தை உற்றுப் பார்த்துச் சிங்களத்தில் தம்பி என்று கூப்பிட்டார்.

"மல்லி, நீங்க றமீஸ்ட தம்பி தானே? அவருக்கு நடந்ததக் கேள்விப்பட்டு நான் ரெண்டு நாள் சாப்பிடல்ல."

சபியா ராத்தா இன்னாலில்லாஹி சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப நீ ஆரு?"

தம்பி என்றேன். போனில் சொல்ல ஏலாமல் போய்விட்டது என்றேன். ராத்தா துணிப் பை இருந்த இடத்தில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

முதலாளி விடவில்லை. நானா எப்படிச் சிரிப்பார், ஒரு தடவை ஒரு வண்டியின் பிரேக்கைப் பார்க்கப் போய்த் தென்னை மரத்தில் எப்படி மோதினார் என்றெல்லாம் சொன்னார். எனக்குத் தெரியாத கதைகள். ஒன்றரை மாதமாக எல்லோரும் அவர் எப்படி மௌத்தானார் என்றுதான் கேட்டார்கள். அவர் உயிரோடு இருந்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் வண்டியை மறந்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். கதையில் பாதியாவது பொய்யாக இருக்கும். அப்போது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

முதலாளி கதை சொல்லி முடித்த நேரத்துக்கு எஞ்சின் நன்றாகக் குளிர்ந்துவிட்டது. ஜப்பார் காக்கா சாவியைத் திருப்பினார். ஒரே அடியில் ஸ்டார்ட். புகையும் இல்லை. எஞ்சின் உண்மையிலேயே நல்ல எஞ்சின்.

"உங்கட நானா இருந்தா கண்ண மூடிட்டு எடுக்கச் சொல்லியிருப்பார்" என்றார் முதலாளி.

எடுக்கலாம் என்று சொல்ல நானும் தயாராகிவிட்டேன்.

3. பூனைகள்

ஓட்டிப் பார்க்கலாம் என்று நாலு பேரும் போனோம். ராத்தாவும் நானும் பின்னால் தட்டில் இருந்தோம். சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினோம். முதலாளிதான் காசு கொடுத்தார், மாலுபாண் பணிசும் வாங்கித் தந்தார். நான் இரண்டாவது மாலுபாணில் இருக்கும்போது கடைக்குப் பின்னாலிருந்து ஒரு பூனை வந்து வண்டிக்குக் கீழே போனது. பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் ஐந்து பூனைகள்.

"எஞ்சின் சூட்டுக்குத்தான்" என்றார் முதலாளி.

எஞ்சின் முன்னால் இருந்தது. பூனைகள் பின்னால் இருந்தன. ஒன்று நிமிர்ந்து தட்டின் அடியை நக்கிக்கொண்டிருந்தது.

மரக்கறி வண்டியைப் பூனை ஏன் நக்குகிறது என்று ராத்தா கேட்டார். முதலாளி சிரித்தார். கருவாட்டு வியாபாரி பக்கத்தில் நிற்கிறார், பூனை வராமல் என்ன செய்யும் என்றார். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. ராத்தாவின் அபாயா, ஜப்பார் காக்காவின் சட்டை, என் செருப்பு எல்லாவற்றிலும் மீன் வாசம்தான். வண்டியில் மீன் நாறுகிறதா என்று நாங்கள் மூன்று பேரும் குனிந்து மோந்து பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை. கடற்கரையில் பிறந்ததிலிருந்து அந்த வாசத்துக்குள் இருக்கிற மூக்குகளுக்கு என்ன தெரியும்.

ராத்தா எழும்பி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். எங்களையும் கூப்பிட்டார். நாங்கள் மூன்று பேரும் மதிலோரம் வரிசையாக நின்று பூனைகளைப் பார்த்தோம். ஒரு பூனை எங்கள் பின்னால் வந்து ஜப்பார் காக்காவின் காலைச் சுற்றியது. மற்ற நாலும் வண்டியை விட்டு அசையவில்லை.

"ஒண்டு எங்கட. நாலு வண்டிட" என்றார் ராத்தா. பிறகு என்னைப் பார்த்தார். "உன்ட நானா இப்ப என்ன செய்வார்?"

"கீழ போவார்."

"போய்?"

"தெரியா ராத்தா. நான் அந்த நேரம் சாப்பிட்டுக்கிட்டு இருப்பேன்."

தொழிலைப் பற்றி அன்றைக்கு நான் சொன்ன முதல் உண்மை அதுதான். ராத்தா கடையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் கேட்டு வாங்கி என் கையில் தந்தார். நான் பூனைகளுக்கு நடுவில் படுத்துக் கீழே போனேன். வண்டியின் முழுப் பாரத்தையும் தாங்குகிற சேஸிக் கம்பிகளுக்குப் புதிதாகக் கறுப்புத் தார் பூசியிருந்தது. பார்க்க அழகு. எங்கே குத்துவது என்று தெரியாமல் பூனை நக்கிய இடத்தில் குத்தினேன். ஸ்க்ரூ டிரைவர் பாணுக்குள் கத்தி போவது போலக் கைப்பிடி வரைக்கும் போய்விட்டது. துரு என் முகத்தில் கொட்டியது.

ஐஸ் போட்டு மீன் ஏற்றிய வண்டி. உப்புத் தண்ணீர் வருஷக் கணக்காகச் சொட்டிச் சேஸியைத் தின்றிருக்கிறது. பாரம் ஏற்றினால் அநுராதபுரம் போவதற்குள் நடுவால் மடிந்திருக்கும்.

முதலாளிக்குக் கோபம் வரவில்லை. "நீங்களும் கருவாடு தானே ஏத்தப் போறீங்க?" என்று கேட்டார். ஜப்பார் காக்கா அதற்குத் தலையாட்டினார். ராத்தா அவரை ஒரு பார்வை பார்த்தார். காக்கா வண்டியில் ஏறிக் கடைசியாக ஒரு தடவை ஹோன் அடித்துவிட்டு இறங்கினார்.

4. தெரியாத இரண்டு

இரண்டு கிழமைக்குப் பிறகு ராத்தா மறுபடி கோல் எடுத்தார். குருநாகல் பக்கம் செங்கல் அரிகிற ஒருவரிடம் ஒரு கெப் இருந்தது. ஒரு கதவு வெள்ளை, மற்றக் கதவு சிவப்பு. ஹோன் ஆடு கத்துவது போல. ஜப்பார் காக்கா அதைப் பார்த்து மௌத்து வீட்டில் ஜனாஸா பார்க்க வந்தவர் போல நின்றார். சொல்லாமல் காலையிலேயே போனதால் பொனட் குளிராக இருந்தது. புத்தகத்தில் இருந்த ஐந்து பெயரையும் எழுத்துக் கூட்டி வாசித்தேன், ஒருவரும் கடற்கரை ஆள் இல்லை. கீழே போய் முப்பது இடத்தில் குத்தினேன். எல்லாம் இரும்பு.

எடுக்கலாமா என்று ராத்தா கேட்டார்.

"எடுக்கலாம். ஆனா கியர்பொக்ஸும் ஸ்டியரிங்கும் எனக்குத் தெரியா. அதுக்குக் கொஞ்சம் காச ஒதுக்கி வைங்க."

கல் அரிகிறவரோடு பேசி விலையைக் குறைத்து, குறைந்த காசை ராத்தா மறுபடி துணிப் பைக்குள் வைத்துக்கொண்டார். மூன்றாம் மாதம் கியர்பொக்ஸ் போனது. ஒதுக்கிய காசில் சரி செய்தார்கள். இப்போது வாரம் இரண்டு தடவை அநுராதபுரம் போகிறார்கள்.

இந்த வேலைக்கு வருகிற பொடியன்களுக்கு நான் சொல்வது இதுதான். மௌத்தான உங்கள் ஆளைப் பற்றி ஒருவர் நல்ல கதை சொன்னால் கேளுங்கள், அது கிடைப்பது கஷ்டம். ஆனால் வண்டிக்குக் கீழே போய் வந்த பிறகு கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், அதற்கும் ஆட்கள் காசு தருவார்கள்.

எனக்கு அதில் ஒரு கஷ்டமும் வந்தது. நான் தெரியாது என்று சொன்ன சாமான் கட்டாயம் உடையும் என்று சபியா ராத்தா கரைத்தீவு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். இப்போது வண்டி பார்க்கக் கூப்பிடுகிறவர்கள் எஞ்சினைப் பற்றிக் கேட்பதில்லை. நான் வண்டிக்குக் கீழே இருந்து வெளியே வந்ததும் பயந்துகொண்டு ஒன்றைத்தான் கேட்கிறார்கள்.

"தம்பி, உனக்கு எது தெரியா?"