விமல்ராஜின் வலதுகை நகங்கள்

கீழ்பென்னாத்தூரில் பேருந்து கிளம்பி இரண்டாவது நிறுத்தம் தாண்டுவதற்குள் விமல்ராஜ் சட்டைப் பையிலிருந்து உப்புத்தாளை எடுத்துவிடுகிறான். தச்சர்கள் மரம் தேய்க்கிற தாள்தான். அதிலேயே மிக நைசான ரகம். கட்டைவிரலில் தொடங்கி மோதிர விரல்வரை, வலதுகை நகங்களை மட்டும் ஒவ்வொன்றாகத் தேய்க்கிறான். இடதுகை நகங்கள் சதையோடு ஒட்ட வெட்டப்பட்டிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். நடத்துநர் மட்டும் விடமாட்டார். "இன்னா சார், இந்தக் கைக்கு மட்டும்தான் கல்யாணமா?"

மடியில் கிட்டார் இருக்கும். ஒலித்துளைக்குக் கீழே பேருந்துக் கதவு போட்ட நீளமான கீறல் ஒன்று, உறைக்குள் ஒளிந்திருக்கும். சனிக்கிழமை மாலைகளில் செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டி உள்ளே போகும் சந்தில் இருக்கிற கஃபேயில் இரண்டு மணி நேரம் வாசிக்கிறான். மற்ற நாட்களில் அரசுத் தேர்வுக்குப் படிப்பதாக வீட்டில் ஒரு பேச்சு. கணிதத்தில் பட்டம் வாங்கியவன். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள்.

நான்கு நகங்களுக்காக ஏகப்பட்ட சட்டங்கள் வைத்திருக்கிறான். சோற்றைக் கரண்டியால்தான் சாப்பிடுவான். டப்பா மூடியைத் திறக்க மாட்டான். விரிசல் கண்டால் பசையைத் தடவி, அது காயும்வரை மூச்சை அடக்கி உட்கார்ந்திருப்பான். "டிகிரி வாங்கினப்புறம் புள்ளைக்குக் கையில துன்னத் தெரியல" என்று அம்மா ஆதிலட்சுமி தட்டை நகர்த்துவாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். சிரிப்பு முடிகிற இடத்தில் அவள் கண் அவன் முகத்தில் ஒரு கணம் நிற்கும். அந்தக் கணத்தைத்தான் அவனால் தாங்க முடியாது.

நகம் வளர்க்கத் தொடங்கியது ஒரு தாடிக்காரரால். போன ஆண்டு கஃபேக்கு வந்திருந்த அந்தப் பயணி கிட்டாரை வாங்கி ஐந்து நிமிடம் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதே கம்பி, அதே கீறல் விழுந்த பெட்டி. ஆனால் கிட்டார் அதுவரை அவனிடம் காட்டாத ஒரு குரலில் பேசியது. விமல்ராஜ் அவர் கையையே பார்த்தான். அவன் கண்ணில் பட்டது நீளமான நகம் மட்டும்.

"நகமாவது மயிராவது" என்பான் கோபி. கல்யாண வீடுகளுக்கு ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறவன். பள்ளியில் ஒன்றாகப் படித்தவன். "பொருள்தான் மச்சான் பேசும். உன் பெட்டி தகரம். நல்ல மரத்துல ஒண்ணு வாங்கு, நல்ல ஸ்பீக்கர் வை. கை இன்னா பண்ணும், பாவம்?"

இதைக் கேட்கும்போதெல்லாம் விமல்ராஜுக்கு ஓர் ஆறுதல் வரும். பின்னாலேயே ஒரு பயமும் வரும். பட்டம் கைக்கு வந்துவிட்டால் வேலை தானாக வரும் என்று நம்பிய வீடு அது. பட்டம் வந்து நான்கு வருடமாகிறது. நல்ல கிட்டார் வந்த பிறகும் இதே சத்தம்தான் வந்தால்? அப்புறம் பழி போட எது மிஞ்சும்?

கஃபேயை நடத்தும் அருணாதேவி சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். சென்ற சனிக்கிழமை அவனை ஓரமாக அழைத்தார். "தப்பா நினைக்காத விமல். சத்தம் காதுல குத்துது. ஊசி மாதிரி. சாப்புடுறவங்க ஸ்பூனைக் கீழ வச்சிட்டு நிமிந்து பாக்குறாங்க, அது ரசிச்சு இல்ல. நல்ல கிட்டாரா ஒண்ணு வாங்கேன். அடுத்த வாரம் பாப்போம். இல்லன்னா புல்லாங்குழல்காரர் ஒருத்தர் கேட்டுக்கிட்டு இருக்கார்."

அந்த இரண்டு மணி நேரமும் போனால் அவன் வெறும் தேர்வுக்குப் படிக்கிறவன். அந்த வாரம் முழுக்க நகங்களை முன்னைவிட மெல்லியதாகத் தேய்த்தான். கம்பியை மாற்றினான். சத்தம் இன்னும் கூர்மையானது.

வெள்ளிக்கிழமை காலை மலைப்பக்கம் கறுத்தது. முற்றிய நிலக்கடலை இன்னும் பத்து சென்ட்டில் பிடுங்காமல் மண்ணுக்குள் கிடந்தது. மழை இறங்கினால் காயெல்லாம் முளைத்துவிடும். அப்பா பெங்களூரில் காவலாளி. வருவதாகச் சொன்ன ஆட்கள் நூறு நாள் வேலைக்குப் போய்விட்டார்கள். ஆதிலட்சுமி அவனைக் கூப்பிடவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தனியாகச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டிருந்தால் ஏதாவது காரணம் சொல்லியிருப்பான்.

ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு இறங்கினான். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "வாங்க டாக்டரு. மல்லாட்டைக்கு ஆப்ரேசனா?"

கையுறைக்குச் செடி பிடிபடவில்லை, வழுக்கியது. பத்தாவது செடியில் கழற்றி வரப்பில் போட்டான். பதினோரு மணிக்குக் கட்டைவிரல் நகம் போனது. காய் ஆயும்போது ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரல் நகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிளந்தன. அவன் "ஸ்ஸ்" என்றபோது அம்மா எட்டிப் பார்த்து, அவன் முன்னால் இருந்த குவியலில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மூட்டைகள் கொட்டகைக்குள் போன பிறகுதான் தூறல் விழுந்தது.

சனிக்கிழமை பேருந்தில் உப்புத்தாளை எடுத்தான். தேய்க்க ஒன்றும் இல்லை. பைக்குள் வைத்தான். மறுபடி எடுத்தான். நடத்துநர் பார்த்துவிட்டு, "கல்யாணம் நின்னு போச்சா சார்?" என்றார்.

வழக்கமாகப் பேருந்து நிலையத்தில் பைக்கோடு நிற்கும் கோபி கையைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டான். "வெறும் சதையில தட்டுனா எவனுக்குக் கேக்கும்? இரு, நம்ம புது ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கினு வரேன். சவுண்ட ஏத்திக்கலாம்." அப்படியே ஸ்பீக்கரைப் பைக்கில் கட்டிக்கொண்டு வந்தான்.

விமல்ராஜ் வாசித்தான். விரல் நுனி எரிந்தது. பிளந்த நகத்தின் ஓரம் கம்பியில் படக்கூடாதே என்ற பயத்தில் நிதானமாக, கம்பியை அழுத்தித் தள்ளி விடுவதுபோல் மீட்டினான். ஒலி உருண்டையாக வந்தது. தன்னுடையதுதானா என்று இரண்டு முறை கையைக் குனிந்து பார்த்தான். யாரும் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. சன்னலோர மேசையில் ஒரு பெண் மட்டும் சாப்பிட்டு முடித்தும் எழாமல் உட்கார்ந்திருந்தாள்.

"பாத்தியா? பெட்டிதான்டா!" என்று கோபி ஓரத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்தினான்.

விமல்ராஜுக்கு நிம்மதி வரவில்லை. பெட்டியா, கையா, நேற்றைய மண்ணா? எதனால் வந்தது என்று தெரியாவிட்டால் அடுத்த வாரம் எங்கே போய்த் தேடுவது? அதற்குள் நகம் வேறு வளரத் தொடங்கிவிடும்.

அருணாதேவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே சமையலறையிலிருந்து வந்தார். முகம் மலர்ந்திருந்தது. "வாங்கிட்டியா? நான் சொன்னேன்ல? புது கிட்டார் போட்டதும் எப்படி மாறிப் போச்சு பாரு! சனிக்கிழமை உன்னுதுதான், போ."

"ஆமாங்க்கா" என்றான் விமல்ராஜ். "புதுசுதான்."

"எங்க, காட்டு." அவர் ஓரடி நெருங்கினார்.

தோளில் தொங்கிய கிட்டாரின் கீறல்மேல் அவன் இடது உள்ளங்கையை வைத்து மூடினான். வலதுகை விரல்களை உள்ளே மடக்கி முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.