மாரிசாமி பெற்ற மூன்று பிள்ளைகள்

மாரிசாமிக்கு ஐம்பத்திரண்டு வயது. கலியாணம் ஆகவில்லை. மூன்று பிள்ளைகள் பெற்றிருக்கிறார். மூன்றும் சுகப்பிரசவம்.

இது யாரோ வாய்க்கு வந்தபடி கிளப்பிவிட்ட பேச்சு இல்லை. தோட்டத்து மருந்துச்சாலைப் புத்தகத்தில் நீல மையில், திகதி போட்டு எழுதியிருந்தது. அது மட்டுமா? போன ஐப்பசியில் அவருக்குக் குடல்வாலை வெட்டி எடுத்திருக்கிறார்கள். அதற்கு முந்தின வருடம் கர்ப்பப்பை இறங்கிப்போய் அதையும் எடுத்துவிட்டார்கள். இடது கண்ணில் புரை வந்தது, பிறகு வலது கண்ணில் வந்தது, பிறகு மறுபடியும் இடது கண்ணில் வந்தது. இத்தனையும் பட்ட மனுசன் எப்படி இருப்பார் என்று பார்க்கப் போனால், முறுக்கின கயிறு மாதிரி உடம்பும் தோளில் கவ்வாத்துக் கத்தியுமாக மலையில் நின்று தேயிலைச் செடியை வெட்டிக்கொண்டிருப்பார்.

தெமோதரைக்கு மேலே, மூன்று வளைவு தாண்டி இருக்கிறது அந்தத் தோட்டம். அதில் எட்டாம் நம்பர் லயத்தில் ஒரே வரிசையாகப் பன்னிரண்டு வீடு. முன்பெல்லாம் எந்த வீட்டில் யாருக்கு முடியாமல் போனாலும் தோட்டத்து வேன் வந்து ஏற்றிக்கொண்டு பதுளைக்குப் போகும். பதுளை பெரியாஸ்பத்திரியில் யார் எவர் என்று கேட்பதில்லை, காசும் கேட்பதில்லை, எல்லோரையும் பார்ப்பார்கள். ஆனால் பார்க்க வேண்டுமென்றால் முதலில் போய்ச் சேர வேண்டும். அங்கேதான் சங்கதி. தோட்டம் கைமாறி, புது நிர்வாகம் வந்ததும் மருந்துச்சாலைக் கதவில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். தோட்டத்தில் பேர் பதிந்த தொழிலாளிக்கு மட்டுமே இனி மருந்து, அவருக்கு மட்டுமே வேன்.

எட்டாம் நம்பர் லயத்தில் பேர் உள்ளவர் யார்? வயதானவர்களுக்குப் பேர் வெட்டியாகிவிட்டது. இளசுகள் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். மற்றவர்கள் அன்றன்றைக்குக் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிறவர்கள், அவர்களுக்குப் பேர் கிடையாது. மிச்சம் இருந்த ஒரே பேர் மாரிசாமி. அவரும் ஒருமுறை கொழும்புக்குப் போனவர்தான். மூன்றாம் நாளே திரும்பி வந்துவிட்டார். கேட்டதற்கு, சமதரையில் நடந்தால் தனக்குக் கால் வலிக்கிறது என்றார்.

முதல் பிரசவம் வந்தது ஒரு விடிகாலையில். பக்கத்து வீட்டு நிஷாந்தினிக்கு இடுப்பு வலி எடுத்துவிட்டது. லயத்தில் எல்லோருக்கும் முன்னால் நிற்கிற பெரியாயி, அவளைக் கைத்தாங்கலாக மருந்துச்சாலைக்குக் கூட்டிப்போனாள். மருந்து கொடுக்கிற தர்மராசா ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடமாக இங்கேயே இருக்கிறவர், சட்டைப்பையில் இரண்டு பேனா குத்தியிருப்பார். புத்தகத்தைத் திறந்துவைத்து, "பேர் என்ன?" என்றார்.

"மாரிசாமி" என்றாள் பெரியாயி.

ஐயா தலையை நிமிர்த்தி நிஷாந்தினியின் வயிற்றைப் பார்த்தார். வெளியே மழையைப் பார்த்தார். கதவில் ஒட்டியிருந்த காகிதத்தையும் பார்த்தார்.

"நோயைப் பற்றி நான் ஒருநாளும் பொய் எழுத மாட்டன்" என்றார். "பேரை நீங்கள் சொல்லுறீங்கள். அதுக்கு நான் பொறுப்பில்லை."

நோயாளி மாரிசாமி, பிரசவ வலி, வேன் தேவை என்று எழுதினார். பெண் பிள்ளை பிறந்தது.

அதிலிருந்து எட்டாம் நம்பர் லயத்தில் ஒரு வழமை வந்துவிட்டது. யாருக்காவது முடியாமல் போனால் வீட்டு ஆள் ஒருவர் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு மாரிசாமி வீட்டு வாசலுக்குப் போய் நிற்பார். "அண்ணே, பேர் கேட்டு வந்திருக்கோம்" என்பார். மாரிசாமி ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டு, "கொண்டு போங்க" என்பார். அவ்வளவுதான். என்ன சீக்கு என்று கேட்க மாட்டார். கொடுக்கிற பொருளை எதற்கென்று கேட்பது மரியாதை இல்லை என்பது அவர் எண்ணம்.

அதனால் தனக்கு இப்போது என்ன நோய் என்று அவருக்கே தெரியாமல் போனதுண்டு. மற்றவர்கள்தான் சொல்லி வைப்பார்கள். "மாமா, இந்தக் கெழமை உங்களுக்கு மூத்திரத்துல கல்லு. தொர வந்தா கொஞ்சம் குனிஞ்சு நில்லுங்க." அவரும் குனிந்து நிற்பார். ஒருமுறை தெமோதரைப் பக்கம் ஒரு விதவைப் பெண்ணை அவருக்குப் பேசினார்கள். நல்ல இடம். பெண்ணின் அண்ணன் ஆளைப் பற்றி விசாரிக்க மருந்துச்சாலைப் பக்கம் போனபோது, மாப்பிள்ளைக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை என்பது தெரிந்தது. அத்தோடு அந்தப் பேச்சு நின்றுவிட்டது. மாரிசாமி இரண்டு நாள் வாசல் கதவைச் சாத்தியே வைத்திருந்தார். மூன்றாம் நாள் வெற்றிலைத் தட்டு வந்தது. எடுத்துக்கொண்டார்.

அவருக்கென்று காய்ச்சல் வராமல் இல்லை. வரும். ஆனால் அந்த வாரம் அவர் பேரில் வேறு ஒருவர் வார்டில் படுத்திருப்பார். ஒரே ஆள் ஆஸ்பத்திரியிலும் படுத்துக்கொண்டு மருந்துச்சாலை வாசலிலும் நின்று இருமினால் நன்றாகவா இருக்கும்? கொத்தமல்லியை அவித்துக் குடித்துவிட்டுப் போர்த்திக்கொள்வார்.

இப்படி ஏழு வருடம் போனது.

போன கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை. மீரியபெத்தவில் மண் சரிந்து ஆட்களை மூடின நாளிலிருந்து, மூன்று நாள் மழை என்றால் ஆட்டோக்காரர் ஒருவரும் மேலே ஏறுவதில்லை. நான்காம் நாள் காலையில், வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் நின்றுகொண்டிருந்த மாரிசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். கங்காணி, "இன்னைக்கு யாரோட வலி அண்ணே?" என்று சிரித்தார். மாரிசாமி வாந்தி எடுத்தார். அதற்குப் பிறகு கங்காணி சிரிக்கவில்லை.

பெரியாயியும் அதே லயத்துப் புவனேந்திரனும் அவரைச் சாக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு மருந்துச்சாலைக்குப் போனார்கள். தர்மராசா ஐயா வயிற்றின் வலது பக்கம் கீழே அமுக்கிப் பார்த்தார். மாரிசாமி பல்லைக் கடித்தார். ஐயா கையை எடுத்தார்.

"இது குடல்வால். வெடிச்சால் ஆள் முடிஞ்சுது. உடன வெட்ட வேணும்."

"அப்ப வேனுக்கு எழுதுங்க ஐயா" என்றாள் பெரியாயி.

ஐயா புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். "எப்பிடி எழுதிறது? மாரிசாமிக்குக் குடல்வால் போன ஐப்பசியில வெட்டியாச்சு. இஞ்ச இருக்கு, என்ர கையெழுத்து." மேசை லாச்சியிலிருந்து ஒரு கடிதத்தையும் எடுத்தார். புத்தகத்தில் உள்ளதை எல்லாம் இப்போது கொழும்புத் தலைமை ஆபீஸில் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம். போன வாரம் அங்கிருந்து கேட்டிருக்கிறார்கள்: இந்த ஒரு வருடத்தில் பதினான்கு தடவை வேனில் போன இந்த மாரிசாமி யார்? இனிமேல் அவருடைய பழைய நோய்களோடு புது நோய் பொருந்தினால் மட்டுமே வேன் கொடுக்க வேண்டும். பொருந்தாவிட்டால் பேரை வெட்ட வேண்டும். பேரை யாருக்காவது கொடுத்தது தெரிந்தாலும் வெட்ட வேண்டும்.

மாரிசாமி பேர் வெட்டுப்பட்டால் பன்னிரண்டு வீட்டுக்கும் வேன் இல்லை. நிஷாந்தினியின் கடைசிப் பிள்ளைக்கு இழுப்பு. பனி விழுந்தால் மூச்சுத் திணறும், மாதத்தில் ஒருமுறையாவது அது மாரிசாமியாகப் பதுளைக்குப் போய் வரும். அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவடியில் நின்றாள். மாரிசாமி அதைப் பார்த்தார்.

"ஐயா" என்றார், பெஞ்சில் சுருண்டபடி. "போன ஐப்பசியில வெட்டுனது என்னோடதுதாங்க. மறுபடி மொளைச்சிருக்கு."

"வெட்டின குடல்வால் முளைக்கிறதுக்கு அது என்ன தேயிலையே?"

"முப்பது வருசமா கவ்வாத்து வெட்டுறேன் ஐயா. வெட்டுனா தளிர்க்கத்தான் செய்யும். அடியில விட்டு வெட்டிட்டாங்க போல."

"மாரிசாமி, எனக்கு மருத்துவம் படிப்பிக்கிறீரோ?"

"எழுதுங்க ஐயா. ரெண்டாம் தளிருன்னு எழுதுங்க."

வியர்வை கொட்டுகிறது, மனுசன் விட்டுக்கொடுக்கவில்லை. புவனேந்திரன் அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆறடி ஆள், எதற்கும் அசையாதவன். திடீரென்று சட்டையைத் தூக்கி, வயிற்றை எக்கிக்கொண்டு, தழும்பைப் புத்தகத்துக்கு மேலே கொண்டுவந்து வைத்தான்.

"அது என்னோடது ஐயா. திருப்பி எடுத்துக்கிறேன். அந்த ஆளுக்கு எடத்தக் குடுங்க."

"டேய், பொத்துடா சட்டைய" என்றார் மாரிசாமி.

"நீங்க சும்மா கெடங்க அண்ணே. எங்குடல்வால நான் கேக்குறேன்."

பெரியாயி முந்தானையை உதறிச் செருகினாள். "எழுதிக்குங்க. கர்ப்பப்பை என்னோடது. ரெண்டு எடது கண்ணுல ஒண்ணு என்னோடது, ஒண்ணு மூணாம் வீட்டுக் கெழவரோடது. வலது கண்ணும் அவரோடதுதான்."

நிஷாந்தினி இன்னும் கதவடியில்தான் நின்றாள். இடுப்பில் இருந்த பிள்ளை இழுத்து இழுத்து மூச்சு விட்டது. எல்லோரும் அவளைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்த்தார்கள். அவள் வெளியே போய்விட்டாள். போனவள், மற்ற இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"இந்த மூணும் நான் பெத்தது ஐயா" என்றாள். "மாமா பெக்கல."

தர்மராசா ஐயா புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார். அவர் ஒழுங்கான மனுசன். இரண்டாவது பேனாவைத் திறந்தார், அது சிவப்பு. ஒவ்வொரு நோயாகக் கோடு போட்டு, பக்கத்தில் உரியவர் பேரை எழுத ஆரம்பித்தார். திகதி கேட்டார். சாட்சி கேட்டார். மூன்றாம் பிரசவத்தை வெட்டும்போது கோடு வளைந்துவிட்டது என்று அடிமட்டம் தேடினார். அதற்குள் லயமே வாசலில் கூடிவிட்டது. "எம்மூத்திரக் கல்ல மறந்துறாதீங்க" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

வேன் ஓட்டுகிற அஷ்பாக் உள்ளே எட்டிப் பார்த்தான். "என்ன ஐயா, ஆள் செத்த பொறகு ஏத்தவா?"

"பொறும் தம்பி. வேன் எண்டது தோட்டம் தாற சலுகை. முறைப்படிதான் குடுக்கலாம். உரிமை எண்டு கேக்கிறதெண்டால் அரசாங்கத்திட்டப் போய்க் கேக்க வேணும்."

"அரசாங்கம் பதுளையிலதானே இருக்கு? ஏத்துங்க, போய்க் கேட்டுட்டு வாறேன்."

ஐயா அவனை முறைத்தார். பிறகு கடகடவென்று ஒரு கடிதம் எழுதினார். எழுதிக் கையெழுத்துப் போட்டு, மாரிசாமியின் சட்டைப்பையில் தானே வைத்து, தானே ஒரு கை கொடுத்து வேனில் ஏற்றினார். வேனில் ஏறினது பெரியாயி, மாரிசாமி, அஷ்பாக் மூன்று பேர் மட்டும்தான். மாரிசாமி அந்த வேனில் ஏறுவது அதுதான் முதல் தடவை. பின் சீட்டில் மெத்தை இருப்பதே அவருக்குத் தெரியாது.

சேற்றில் வழுக்கி வழுக்கி வேன் இறங்கியது. ஒவ்வொரு குழிக்கும் மாரிசாமி கண்ணை மூடினார்.

"அக்கா, இனி என்ன செய்வீங்க? எல்லாத்தையும் சொல்லிட்டீங்களே. எம்பேர வெட்டிருவாங்க."

"வெட்டட்டும். இப்ப அந்தப் புத்தகத்துல எங்க எல்லாரு பேரும் இருக்கு. அந்த ஐயா ஒரு தாளும் கிழிக்க மாட்டாரு. நாளைக்குப் பொழுது விடிஞ்சதும் பன்னெண்டு வீடும் ஆபீஸ் வாசல்ல நிக்கப் போறோம். சீக்கு எங்களோடதுன்னு எழுதிட்டீங்க, வேனும் எங்களோடதுன்னு எழுதுங்கன்னு கேக்கப் போறோம்."

"தரலேன்னா?"

"தர்ற வரைக்கும் நிப்போம். மலையில நிக்காத நிப்பா?"

"மழை பெய்யுதே அக்கா."

"பெய்யட்டும்" என்றாள் பெரியாயி. "நீ பேசாம கெட."

பதுளை ஆஸ்பத்திரியில் ஆட்கள் அவரைத் தள்ளுவண்டியில் போட்டு உருட்டிக்கொண்டு ஓடினார்கள். ஆர்த்திகா என்று ஒரு சின்ன வயது டொக்டர் வந்தார். சட்டைப்பையிலிருந்த கடிதத்தை எடுத்துப் படித்தார். படிக்கப் படிக்க அவருடைய புருவம் மேலே போனது.

தர்மராசா ஐயா ஒன்றையும் விடவில்லை. இந்த நோயாளி இதற்கு முன் பிரசவித்ததில்லை. இவருக்குக் கர்ப்பப்பை இல்லை, ஆனால் அது எடுக்கப்படவில்லை. இவருடைய இரண்டு இடது கண்களும் வேறு ஆட்களுடையவை. இவர் தற்போது கர்ப்பமாக இல்லை என்பதை இதன்மூலம் உறுதிப்படுத்துகிறேன். அடியில் கையெழுத்து, முத்திரை, திகதி.

டொக்டர் கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். மடித்தார். மெத்தைக்கு அடியில் செருகினார். குனிந்து மாரிசாமியின் தோளில் கை வைத்தார்.

"எங்க ஐயா வலிக்குது?"

காலையிலிருந்து அவரிடம் யாரும் கேட்காத கேள்வி அது. மாரிசாமி தலையைத் திருப்பிப் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார்.

"யாருக்குங்க?" என்றார்.

"உங்களுக்குத்தான்."

மாரிசாமி சாக்குத் தூசி படிந்த கையை மெல்ல எடுத்து, வலது பக்கம், கீழே வைத்தார். டொக்டர் அங்கே அமுக்கினார். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த மனுசன் போட்ட கூச்சலில், எட்டுக் கட்டில் தள்ளிப் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.